ஆள்காட்டி முட்டைக்குச் சிவப்பு ஆரோ

பறவைக் குளத்துக்குக் காவல் இருப்பவனுக்குப் பறவைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. வருகிறவர்களால்தான்.

நீங்கள் பஸ் ஸ்டாண்டு விசாரணை அறையில் உட்கார்ந்தவராகவோ, ரேஷன் கடையில் பில் போட்டவராகவோ, கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் இருந்தவராகவோ இருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. எழுதி வைத்திருப்பதைப் படிக்க மாட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அதையே நம்மிடம் கேட்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆரோ என்போம். அறுபது வயதில் எனக்குக் கிட்டப் பார்வை குறைந்துவிட்டது. கையில் இருக்கும் பனியனின் ஓட்டை தெரியவில்லை. எதிர் மாடியில் காயும் பனியனின் ஓட்டை தெரிந்தது. எங்கள் முதலாளி அப்போது வேலம்பாளையத்தைத் தாண்டியுள்ள ஒரு குளத்தைத் தூர்வாரி வேலி போட்ட குழுவுக்குத் தலைவராக இருந்தார். தூரத்தில் இருப்பதை எண்ணுகிற வேலை ஒன்று இருக்கிறது என்று என்னை அங்கே அனுப்பினார்.

காலை ஆறு மணிக்கு கேட்டைத் திறக்க வேண்டும். கோயமுத்தூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர் கொடுத்த பைனாகுலரில் பறவைகளை எண்ண வேண்டும். ஒன்பது மணிக்குள் கேட்டின் ஓரத்தில் உள்ள கரும்பலகையில் எழுத வேண்டும். எனக்கு இது பொருத்தமான வேலை. ஆளைப் பார்த்துப் பேச எனக்கு வராது, சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எழுதிப் போட்டுவிட்டால் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன். நினைத்தது தப்பு.

இங்கே சொல்லப்போவது ஒரு மாசியும் பன்னிரண்டு நாள் பங்குனியும். தினமும் மின்சாரம் போய்க்கொண்டிருந்த வருடம் அது. கரண்ட் போனால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் ஜனங்கள் குளத்துக்கு வருவார்கள்.

கூண்டு எங்கே

மாசி ஒன்றாம் தேதி வியாழக்கிழமை. மொத்தம் 412. அதில் ஊசிவால் வாத்து 230, ஆண்டி வாத்து 64, நாமக்கோழி 71, மீதி நாரை, கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான். இதைத் தனித்தனியாக, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதியிருந்தேன்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. புருஷன், பெண்டாட்டி, அவளுடைய தங்கை என்று மூன்று பேர் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பலகை முன்னால் நின்று அந்த ஆள் எண்களை வாய்விட்டுப் படித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பலகையை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான். பிறகு மூன்று பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியோரமாக ஒரு சுற்று நடந்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அவர் முகத்தில் ஏமாந்த களை. என்னிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:

"நானூத்திப் பன்னெண்டுன்னு எழுதிப் போட்டிருக்கறீங்க, ஒரு கூண்டக்கூடக் காணமுங்களே."

மயில் ஏழு

அடுத்த ஞாயிறு குன்னத்தூரிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வேன் பிடித்து வந்தது. ஒன்பது பேர். பெரியவர் பலகையில் கடைசி வரியைப் படித்தார். மயில் 7. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, இதப் பாக்கறதுக்கா பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தோம்? எங்க காட்டுல கடலைச் செடியத் திங்கறது நாப்பது நிக்குதுங்க. ஓட்டிக்கிட்டு வந்து வுட்டுட்டுப் போகட்டுங்களா?"

உற்பத்தி குறைகிறது

மாசி பிறந்தால் வடக்கே இருந்து வந்த வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடும். வெயில் ஏற ஏறக் கணக்கு இறங்கும். மாசி எட்டில் 371. பதினைந்தில் 298. இது என் கைத்தப்பு இல்லை என்பதற்காக மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அதுதான் வினையானது. அன்று தலைவர், அதாவது எங்கள் பழைய முதலாளி, காரில் வந்தார். கம்பெனியில் ஒவ்வொரு தையல் லைனுக்கும் முன்னால் மணிக்கு மணி உற்பத்தி எழுதும் பலகை உண்டு. அதைப் படித்துப் படித்துப் பழகிய கண் அவருக்கு. இறங்கியதும் பலகையைப் பார்த்தார்.

"ஏனுங் ராசப்பண்ணா, ரெண்டு வாரத்துல நூத்திப் பதினாலு ஷார்ட்டேஜ் காட்டுதுங்களே. யாரக் கேக்கறதுங்க?"

வடக்கு, பனி, வெயில், வலசை என்று வாத்தியார் எனக்குச் சொன்னது எல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. வாய் வழியாக வந்தது ஒரு சொல்தான். "வெயிலுங்க" என்றேன். அவர் குளத்தை ஒரு முறை பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் அவர் இல்லை.

"வெயிலுன்னா சொல்லுங்க, மேல தகரக் கொட்டாய் போட்டுக் குடுத்தர்றேன்."

சரளைக் கல்லில் நாலு

இனிச் சொல்வதுதான் என் முக்கியமான கவலை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் வண்டி நிறுத்தச் சரளைக்கல் கொட்டிய திடல். இடது தூணிலிருந்து நாற்பத்தோரு எட்டு வைத்தால், அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி மாசி ஒன்பதாம் தேதி ஒரு முட்டை இட்டது. பத்தாம் தேதி இரண்டாவது. பன்னிரண்டில் மூன்றாவது. பதினாலில் நாலாவது. கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளையில் சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையும் சரளை நிறம், மேலே கருப்புத் திட்டு. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும், கண்ணைச் சிமிட்டினால் காணாமல் போகும். இத்தனை பெரிய குளக்கரையை விட்டுவிட்டு வண்டி நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்த பறவையை என்னவென்று சொல்வது.

நாலு உயிர் என் பொறுப்பில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வாத்தியாருக்குப் போன் போட்டேன். போனில் எனக்கு ஓரளவு பேச வரும், முகம் தெரியாது. கடைசி முட்டை இட்ட நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் எண்ணுங்கள், பக்கத்தில் போகாதீர்கள், தூரத்தில் ஏதாவது அடையாளம் மட்டும் வையுங்கள் என்றார். தூரம் என்றால் எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வருடம் மாசிக்கு முப்பது நாள். பதினாலோடு இருபத்தெட்டைக் கூட்டினால் பங்குனி பன்னிரண்டு, புதன்கிழமை. காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டேன். குளத்தைக் கூட்டிப் பெருக்கும் ஜெபமணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பதினாறு வருடம் வேறொரு பனியன் கம்பெனியில் ஆரோவை உரித்துப் பிசிர் நூல் வெட்டிவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்தவள்.

"கூடு கட்டத் துப்பில்ல, அதுக்கு அண்ணாச்சி நாள் பாக்காவ" என்றாள்.

சிவப்பு

மாசி பதினாறு. வீட்டில் பழைய டப்பாவில் ஆரோ ஸ்டிக்கர் இருந்தது. பன்னிரண்டு கல்லைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ஆரோ ஒட்டி, முட்டைகளைச் சுற்றி மூன்று அடி தள்ளி வட்டமாக வைத்தேன். அம்பு எல்லாம் நடுவை நோக்கி இருக்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் எனக்கு மனது ஒப்பாது. வைத்துவிட்டுப் பார்த்து, திருப்பி, மறுபடி பார்த்து, முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. நோட்டில் எழுதினேன்: 11.10 முதல் 11.50 வரை, அடையாளம் வைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் வட்டத்தைக் காணோம். ஒரு கல்கூட இல்லை. வேலியோரத்தில் ஜெபமணி வாளியோடு நின்றாள். அவள் முழங்கையில் சிவப்பு ஆரோ வரிசையாக ஒட்டியிருந்தது. பிசிர் வெட்டுகிற பெண்கள் எல்லோரும் உரித்த ஸ்டிக்கரை அப்படித்தான் கையில் ஒட்டிக்கொள்வார்கள்.

"அங்க இருந்த கல்லு எங்கம்மா?" என்றேன்.

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. பன்னெண்டு இருந்துச்சு."

"எதுக்கு எடுத்தீங்க?"

"எதுக்கா? செவப்பு ஆரோ ஒட்டிருக்குல்லா. அது எடுக்கதுக்குத்தான. பதினாறு வருசமா ஒட்டுனது உங்க ஆளுவ, எடுத்தது நாங்க. இன்னிக்குப் புதுசா கேக்கிய."

"நடுவுல முட்டை இருந்துதே, அது?"

"முட்டை அங்கயா கெடந்துச்சு? எங் கண்ணுல படல. ஆரோ இல்லாதது எதையும் நான் தொடல."

ஓடிப் போய்ப் பார்த்தேன். நாலும் இருந்தன. என் ஸ்டிக்கர் ஒட்டாத காரணத்தால் மட்டுமே தப்பித்த நாலு. திரும்பி வந்து ஜெபமணியிடம் விவரம் சொன்னேன். தன் தப்பை ஒப்புக்கொள்கிற பெண் இல்லை அவள். கையிலிருந்த ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

"பச்ச ஓக்கே ஸ்டிக்கர் ஒட்டுங்க அண்ணாச்சி. பாஸான பீஸத் திருப்பூர்ல ஒருத்தரும் ரெண்டாவது வாட்டி தொட மாட்டாவ."

மறுபடி உட்கார வைக்கலாம்

பச்சை ஸ்டிக்கரை வீட்டிலேயே ஒட்டி எடுத்து வந்து, பதினைந்து எட்டு தள்ளிக் கல் வைத்தேன். நாலே நிமிடம். ஜெபமணி சொன்னது சரியாக இருந்தது. வந்தவர்கள் பச்சையைப் பார்த்ததும் ஏதோ முடிந்துபோன விஷயம் என்று சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனால் பதினெட்டாம் தேதி ஞாயிறு, கேமரா வைத்த செல்போன் வாங்கிய ஒரு இளைஞர் நண்பர்களோடு வந்தார். அந்தப் போன் அப்போது புதுசு. குளத்தின் நடுவில் வாத்துகள் அமைதியாக மிதந்துகொண்டிருந்தன. அவருக்கு அவை பறக்க வேண்டும். கை தட்டினார். விசில் அடித்தார். ஒரு கல்லை எடுத்தார். நான் முன்னால் போய் நின்றேன். பேசவில்லை, நின்றேன். கல்லைக் கீழே போட்டுவிட்டு மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஒரே ஒரு வாட்டி பறக்க வுடுங்கண்ணா. போட்டோ எடுத்துட்டு மறுபடி உக்கார வெச்சுக்கலாமுங்க."

சாக்பீஸ்

பங்குனி இரண்டாம் தேதி பந்தல்காரர் கயிறும் முளைக்குச்சியுமாக வந்து திடலை அளந்தார். அவரிடமிருந்துதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து பையர் வருகிறார். முதலாளியிடம் வருடா வருடம் சரக்கு வாங்குகிறவர். கம்பெனி குளத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதை அவருக்குக் காட்ட வேண்டும். பங்குனி ஒன்பது, ஞாயிறு, திடலில் பந்தல், மேடை, நூற்று ஐம்பது நாற்காலி. மேடையின் படிக்கட்டு வரும் இடத்தில் முளை அடித்தார். நான் எட்டு வைத்துப் பார்த்தேன். முட்டைக்கும் முளைக்கும் இரண்டரை அடி.

ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மூன்று நாள். விழாவை அந்த மூன்று நாள் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும், அல்லது இடத்தை மாற்றச் சொல்ல வேண்டும். பந்தல்காரரிடம் சொன்னேன். முதலாளியிடம் சொல்லுங்கள் என்றார். நியாயம்தான்.

மறுநாள் நாலு கிலோமீட்டர் நடந்து கம்பெனிக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்று வாக்கியம். முதலாளி என்னைக் கண்டதும் எழுந்து வந்து நாற்காலி போடச் சொன்னார். எனக்கு எதிரில் பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் இரண்டு பேர், ஒரு அக்கவுண்டண்ட், டீ கொண்டுவந்த பெண். ஐந்து பேர் என் வாயைப் பார்த்தார்கள். "என்னுங்கண்ணா, சொல்லுங்க" என்றார் முதலாளி. "போர்டுக்கு சாக்பீஸ் தீந்துபோச்சுங்க" என்றேன். தீரவில்லை. பாதி டப்பா இருந்தது. அவர் இரண்டு புது டப்பாவை வரவழைத்து என் கையில் கொடுத்தார்.

"இதுக்கா நடந்து வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா ஆள்கிட்டக் குடுத்தனுப்பியிருப்பேனுங்களே."

நிறுத்தியவர்

ஐந்தாம் தேதி பந்தல் சாமான் லாரியில் வந்தது. இறக்க நாலு பேர், எல்லோரும் பீகார்க்காரர்கள். நாளைக் காலையில் கம்பம் நடப்போவதாக டிரைவர் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் பாதிதான். சைகையால் காட்டிவிடலாம் என்று அவர்களில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரைப் பார்த்தபடியே, கையை இப்படி அப்படி ஆட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தேன்.

அவர் திடீரென்று என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து என் குதிகாலுக்குப் பின்னால் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை. இருபது நாளாக நான் எல்லோருக்கும் காட்டி யாருக்கும் தெரியாத முட்டை, அந்த மனிதருக்கு நாலு எட்டு தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் ஊர் வயலில் இந்தப் பறவை நிறைய உண்டாம், பெயர்கூடச் சொன்னார். அதன் பிறகு கம்பங்களை எல்லாம் வேலியோரமாகவே அடுக்கினார்கள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டுப் போனார்:

"பாபா, இது கல் இல்லே. முட்டை. கீளே பாத்து நடக்கணும்."

பலகையில் எழுதியது

அந்தப் பீகார்க்காரரிடமே இந்த வார்த்தை வாங்கிய பிறகு எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. வாய் வராது என்றால் கை இருக்கிறது அல்லவா. புது சாக்பீஸ் இரண்டு டப்பா வேறு இருக்கிறது. அன்று சாயங்காலம் பலகையை முழுக்கத் துடைத்தேன். வாத்து, நாரை, மயில் எல்லாம் போயிற்று. பெரிய எழுத்தில் இப்படி எழுதினேன்:

ஆள்காட்டி. ஆர்டர் 4 பீஸ். எடுத்த தேதி மாசி 14. ஷிப்மென்ட் பங்குனி 12. இடம் மாற்ற முடியாது.

ஆறாம் தேதி காலை ஏழரைக்கு முதலாளி பந்தல் வேலையைப் பார்க்க வந்தார். பலகையைப் பார்த்து நின்றார். ஏற்றுமதி செய்கிற ஆளுக்கு ஷிப்மென்ட் தேதி என்ற சொல் எப்படிப்பட்டது என்று திருப்பூரில் இருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் கல்யாணமே இருந்தாலும் அந்தத் தேதி நகராது. இரண்டு முறை படித்தார். திடலைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நான் பைனாகுலரைக் கொடுத்து, பச்சை ஸ்டிக்கர்க் கல்லுக்கு நடுவில் என்று கையைக் காட்டினேன். குருவி எழுந்து நின்று ஒரு முட்டையை அலகால் புரட்டியது. அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

"பன்னெண்டுன்னா பன்னெண்டேதானுங்களா? ஒரு மூணு நாள் முன்னுக்க, ப்ளைட்ல கிளைட்ல அனுப்ப முடியாதுங்களா?"

"ஆகாதுங்க" என்றேன். அதுதான் அன்று நான் பேசியது.

அவர் போனை எடுத்து, பந்தல்காரரைக் கூப்பிட்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்:

"பந்தல எதுத்தாப்பல இருக்கற வேஸ்ட் குடோன் வாசல்ல போடுங்க. இல்லீங்க, இங்க ஆகாது. இங்க ஷிப்மென்ட் நிக்குதுங்க."

குடோன் வாசல்

ஒன்பதாம் தேதி விழா நடந்தது. பையர் காரிலிருந்து இறங்கியதும் எதிரில் பார்த்தது கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணி, மூட்டை நூறு, நூற்றிருபது. அதற்கு முன்னால் சாமந்தி மாலை கட்டிய மேடை. துணித்தூசியில் நாதஸ்வரக்காரர் இரண்டு முறை இருமினார். அன்றைய கணக்கு 61. அதற்குப் பதில் மாசி முதல் தேதியின் 412ஐப் பலகையில் எழுதிவிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நான் சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதலாளி பையரைக் கேட்டுக்குள் அழைத்து வந்து பைனாகுலரைக் கையில் கொடுத்தார். வெள்ளைக்கார மனிதர், தலை முழுக்க நரை. குளத்தில் இருந்த அறுபத்தொன்றை விட்டுவிட்டு, கல்லில் இருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பியது. முப்பத்தோரு வருட வேலையில் என்னை ஒருவரும் கேட்காத கேள்வி அது.

"இன்னும் முடியாத பீஸுக்கு எப்படிங்க ஓக்கே ஒட்டுனீங்கன்னு கேக்கறாருங்கய்யா."

தேறியது

பங்குனி பன்னிரண்டு, புதன்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு முதல் குஞ்சு. பத்து மணிக்கு இரண்டாவது. மத்தியானம் மூன்றாவது. பஞ்சு உருண்டைக்குக் குச்சி குத்தி வைத்த மாதிரி கால். பிறந்து அரைநாளில் நடக்கின்றன. ஜெபமணி விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாள். திடலை அன்று பெருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலாவது பொரியவில்லை. பதிமூன்றும் பார்த்தேன், பதினாலும் பார்த்தேன். பதினைந்தாம் தேதி தாயும் தகப்பனும் மூன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய்விட்டன. முட்டை மட்டும் சரளையில் கிடந்தது. நோட்டைப் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தேன். மாசி பதினாறு, 11.10 முதல் 11.50 வரை. உச்சி வெயில், கொதிக்கிற சரளை. அம்பு நேராக இருக்க வேண்டும் என்று நான் அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் குருவி முட்டைமேல் இல்லை. வேறு எந்த நாளிலும் அத்தனை நேரம் அது எழுந்து போனதாக நோட்டில் இல்லை. வாத்தியாரிடம் போனில் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அப்படிப்பட்ட பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது.

சாயங்காலம் முதலாளி வந்தார். பலகையில் 'ஆர்டர் 4, தேறியது 3' என்று எழுதியிருந்தேன்.

"நாலுல ஒண்ணு ரிஜெக்டுங்களா? இருபத்தஞ்சு பர்சன்ட்டுங்கண்ணா. நம்ம லைன்லயா இருந்தா வுட்டிருப்பனுங்களா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் குருவியின் பெயரில் ரிஜெக்ட் எழுதப்படக் கூடாது. ஜெபமணி பக்கத்தில் நிற்கிறாள், டிரைவர் நிற்கிறார், இருந்தும் பேசினேன்.

"அது மேல தப்பில்லீங்க. ஸ்டிக்கர் ஒட்டறேன்னு நாந்தானுங்க நாப்பது நிமிஷம் அங்கயே உக்காந்திருந்தேன். அதுக்கு அடைகாக்கத் தெரியுமுங்க. நாந்தான் வுடலீங்க."

என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக அவர் கேட்டதில்லை. தண்ணீர் ஓரத்தில் மூன்று குஞ்சும் தாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"செக்கிங்ல கை ஜாஸ்தி பட்டா வெள்ளப் பீஸ் அழுக்காகுமுங்க, நீங்க பாக்காததா. மூணு தேறுச்சல்ல, வுடுங்கண்ணா."

பறவைகளால் காவல்காரனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றுதான் தொடங்கினேன், காவல்காரனால் பறவைக்கு வந்த தொந்தரவு ஒன்று என்பதையும் நோட்டில் சிவப்பு மையில் என் பெயருக்கு நேராக எழுதிக் கூட்டல் போட்டுவிட்டேன்.